பொய்த்தேளின் வரலாறு

யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளிலே பெட்டகம் ஒன்று இருப்பது வழக்கம். பாட்டனார் காலத்து உறுதிகளும், சோதிட ஏடுகளும், வைத்தியச் சுவடிகளும் அதனுள்ளே கட்டுக் கட்டாக அடங்கிக் கிடக்கும். என்றேனும் ஒருநாள் அதனைத் திறந்து, ஏடுகளை வெளியே எடுத்துத் தூசி தட்டும் வேளையில், இதழ்களின் இடையிலிருந்து எள்ளளவான ஓர் உயிர் மெல்ல ஊர்ந்து வெளிப்படுவதுண்டு. முன்புறத்தில் இரண்டு கொடுக்குகளை விரித்துப் பிடித்தபடியே அது நடக்கும். கண்டவர், "ஐயோ, தேட்குஞ்சு!" என்று கூவி, கைக்கு அகப்பட்டதைக் கொண்டு அதனை நசுக்கி விடுவர்.

அது தேட்குஞ்சு அன்று. அதற்கு வாலும் இல்லை. வால் நுனியிலே கொட்டும் முள்ளும் இல்லை. மனிதருக்கு யாதொரு தீங்கும் செய்ய அதனால் இயலாது. ஏட்டை அரிக்கும் நுண்ணிய பேன்களையும் உண்ணிகளையும் பிடித்துத் தின்பதே அதன் தொழில். நன்மை செய்ய வந்த ஒன்றைப் பகையென்று எண்ணி நாம் கொன்று விடுகிறோம். இவ்வுயிரை அறிவியலார் பொய்த்தேள் என்பர். இதனை இன்னதென்று அறிந்து, உயிர்க்குலத்தில் இதற்குரிய இடத்தைக் காட்டுவதற்கு மனித அறிவு ஏறத்தாழ இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகள் உழைத்திருக்கிறது. அந்த வரலாற்றையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

முதலில் இதன் உருவத்தைச் சிறிது நோக்குவோம். பொய்த்தேள்களிற் பெரும்பாலானவை இரண்டு முதல் எட்டு மில்லிமீற்றர் நீளமுடையவை. அத்திலாந்திக்குக் கடலிலுள்ள அசென்சன் தீவில் வாழும் ஓரினம் மட்டும் பன்னிரண்டு மில்லிமீற்றர் அளவுக்கு வளர்கிறது. கால்கள் எட்டு. ஆதலால் இது பூச்சியன்று. சிலந்தி, தேள், உண்ணி ஆகியவற்றின் வகுப்பைச் சேர்ந்தது. உடல் தட்டையானது, மரப்பட்டையின் கீழும் கல்லிடுக்கிலும் நுழைவதற்கு ஏற்றது. கண்கள் சிலவற்றிற்கு நான்கு, சிலவற்றிற்கு இரண்டு. சிலவற்றிற்குக் கண்ணே இல்லை. தலையின் முன்புறத்திலுள்ள சிறு கவ்விகளிலிருந்து நூல் சுரந்து, அதனாற் கூடு கட்டி, அதனுள்ளிருந்து தோலுரிக்கும். தாய் தன் முட்டைகளை வயிற்றின் கீழே ஒரு பையில் தாங்கி, அவற்றுக்குத் தன் உடலிலிருந்தே ஊட்டச்சாறு அளித்து வளர்க்கும். இடம் பெயர வேண்டுமாயின், ஈ, வண்டு முதலியவற்றின் காலைக் கொடுக்காற் பற்றிக்கொண்டு பறந்து செல்லும். எள்ளளவான உடலுக்குள்ளே எத்துணை ஏற்பாடு!

உயிர்களை வகைப்படுத்தும் முயற்சி தமிழருக்குப் புதியதன்று. தொல்காப்பியத்து மரபியலிலே, ஓரறிவுயிர் முதல் ஆறறிவுயிர் ஈறாக உயிர்கள் வகுக்கப்பட்டுள்ளன. கறையானும் எறும்பும் மூன்றறிவுடையன. நண்டும் தும்பியும் நான்கறிவுடையன என்பது அந்நூலின் முடிபு. உயிர் எத்தனை காலுடையது, எந்நிறத்தது என்று பாராமல், அது உலகத்தை எவ்வெப் புலன்களால் அறிகிறது என்று பார்த்துப் பகுத்தமை அவ்வகுப்பின் சிறப்பு. இக்கருத்தைச் சற்றே நினைவில் வைத்திருங்கள். பின்னர் இதனிடம் மீண்டும் வருவோம்.

இம்மரபியலை உள்ளடக்கிய பொருளதிகாரம் அச்சேறியதற்கும் யாழ்ப்பாணத்துக்கும் தொடர்புண்டு. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1885-ஆம் ஆண்டில் அதனைப் பதிப்பித்தார். செல்லரித்தும் இராமபாணம் துளைத்தும் கிடந்த ஏடுகளோடு அவர் பட்ட பாட்டை அவர்தம் பதிப்புரைகளிலே காணலாம். சிற்றுயிர்களின் வகைகளைச் சொன்ன நூலையே சிற்றுயிர்கள் தின்றுகொண்டிருந்தன. அவற்றின் வாய்க்குத் தப்பியதே நம் கைக்கு வந்தது.

மேலைநாட்டில் பொய்த்தேளை முதன்முதற் குறித்தவர் கிரேக்க அறிஞர் அரிஸ்டோட்டில். கி.மு. நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த அவர், விலங்குகளைப் பற்றிய தம் நூலில், புத்தகங்களிடையே வாலில்லாத தேள் போன்ற மிகச் சிறிய உயிர்கள் காணப்படுகின்றன என்று எழுதி வைத்தார். அக்காலத்துப் புத்தகம் நாணற் சுருள், நம்முடையது பனையோலை. எழுத்து எதன் மேல் இருந்தாலென்ன, அதை அரிக்கும் பேனும், அப்பேனைத் தின்னும் பொய்த்தேளும் அங்கே வந்து சேர்கின்றன.

அதன் பின்னர் நெடுங்காலம் இதனைப் பற்றிய ஆராய்ச்சி வளரவில்லை. வெறுங்கண்ணுக்கு அகப்படும் செய்தி அவ்வளவே. 1665-ஆம் ஆண்டில் இங்கிலாந்து அறிஞர் இராபர்ட் ஹூக், நுணுக்குக்காட்டியாற் கண்டவற்றைப் படத்தோடு விளக்கும் பெருநூலை வெளியிட்டார். ஒரு செத்தெம்பர் நாளில் தாம் புத்தகம் படித்துக்கொண்டிருந்தபோது, அதன் மேல் மிக மெதுவாக ஊர்ந்து சென்ற சிறிய உயிரொன்றை நோக்கியதாக அவர் அந்நூலிற் கூறுகிறார். அவருக்கு அது நண்டைப் போலத் தோன்றியது. அரிஸ்டோட்டிலுக்குத் தேள், ஹூக்குக்கு நண்டு. பெயரிடுவதிலேயே இத்தகைய இடர்ப்பாடு இருந்தது.

உயிர்களுக்கெல்லாம் ஈருறுப்புப் பெயர் வைக்கும் முறையை நிலைநாட்டியவர் சுவீடன் நாட்டு லின்னேயசு. 1758-இல் வெளிவந்த தம் நூலின் பத்தாம் பதிப்பில், அவர் பொய்த்தேளை உண்ணிகளோடு சேர்த்தார். 'நண்டு போன்ற உண்ணி' என்பது அவர் இட்ட பெயரின் பொருள். 1767-இல் வந்த அடுத்த பதிப்பில் அவரே அதனை அங்கிருந்து எடுத்து வேறோர் இனத்தில் வைத்தார். பேரறிஞரும் தம் முடிபை மாற்ற நாணவில்லை என்பது இதனாற் பெறப்படும். இடையே 1762-இல் பிரான்சு நாட்டு ஜெப்ராய் இதற்குக் 'கெலிபர்' என்னும் தனிப் பேரினத்தை வகுத்தார். கொடுக்கைத் தாங்கியது என்பது அதன் பொருள். 1778-இல் சுவீடன் அறிஞர் டி ஜீர் பொய்த்தேள் என்னும் பொருள்படும் பெயரையே இக்குலத்துக்கு வழங்கினார். இன்றும் உலகத்தார் கைக்கொள்ளும் வரிசைப்பெயர் அதுவே.

இக்காலத்தே லின்னேயசின் மாணாக்கர் தமிழ்நாட்டுக் கரைக்கும் வந்திருந்தனர். கோனிக் என்னும் வைத்தியர் 1768-இல் தரங்கம்பாடிக்கு வந்து, தமிழகத்திலும் பின்னர் இலங்கையிலும் செடிகளையும் சிற்றுயிர்களையும் சேகரித்தார். தரங்கம்பாடியிலிருந்து கப்பலேறிய பூச்சிப்பெட்டிகள் ஐரோப்பாவில் பெப்ரீசியசு என்னும் தேனிய அறிஞரை அடைந்தன. அவரும் லின்னேயசின் மாணாக்கரே. 1798-இல் அவர் ஒரு தேளுக்குப் பெயரிடும்போது, தமிழ் என்னும் சொல்லையே இலத்தீன் வடிவாக்கி, 'தமுலசு' என்று வைத்தார். நாம் செந்தேள் என்று சொல்லும் கொடிய தேள் அது. நம் மொழியின் பெயரைத் தாங்கிய இத்தேளைப் பற்றியும் பின்னர் பேசவேண்டியிருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே பொய்த்தேள்கள் நூற்றுக்கணக்கிற் கண்டுபிடிக்கப்பட்டன. பெயர்கள் பெருகப் பெருக, எது எதனோடு உறவு என்னும் வினா எழுந்தது. நிறத்தையும் பருமனையும் கொண்டு பகுத்தால் குழப்பமே மிஞ்சியது. 1931-இல் அமெரிக்க அறிஞர் சேம்பர்லின் இதற்கு ஒரு வழி கண்டார். அவர் பாதத்தின் கணுக்களை எண்ணினார். எல்லாக் கால்களிலும் பாதத்துக்கு ஒரே கணு உடையவை ஒரு பிரிவு. எல்லாவற்றிலும் இரண்டு கணு உடையவை மற்றொரு பிரிவு. முன்னிரு இணைக்கால்களில் ஒன்றும், பின்னிரு இணைக்கால்களில் இரண்டுமாக உடையவை மூன்றாம் பிரிவு. அடுத்த ஆண்டே, வியன்னா அருங்காட்சியகத்து மக்சு பையர் உலகப் பொய்த்தேள்கள் அனைத்தையும் இரண்டு பெருந்தொகுதிகளில் விரித்துரைத்தார்.

இவ்வறிஞர்கள் கைக்கொண்ட இன்னோர் அடையாளம் மிக வியப்பானது. பொய்த்தேளின் கொடுக்கிலே நீண்ட மெல்லிய மயிர்கள் சில உண்டு. காற்றின் சிறு அசைவையும் அவை உணரும். அருகே இரை நடந்தால், கண்ணில்லாத பொய்த்தேளும் இம்மயிர்களால் அதனை அறிந்து கொள்ளும். முட்டையிலிருந்து வந்த முதற்பருவக் குஞ்சுக்குக் கொடுக்கொன்றுக்கு நான்கு மயிர். இரண்டாம் பருவத்தில் எட்டு. மூன்றாம் பருவத்தில் பத்து. முதிர்ந்த பின்னர்ப் பன்னிரண்டு. பன்னிரண்டில் எட்டு அசையாத விரலிலும், நான்கு அசையும் விரலிலும் அமையும். அவை அமைந்த இடம் இனத்துக்கினம் வேறுபடும். அந்த இடத்தை அளந்தே இனத்தைத் தேர்கின்றனர்.

நேயர்களே, தொல்காப்பிய மரபியலை நினைவில் வைத்திருக்கச் சொன்னேன். உலகத்தை அறியும் புலனைக் கொண்டு உயிரைப் பகுப்பது அந்நூலின் நெறி. இன்றைய அறிவியலாரும் பொய்த்தேளைப் பகுக்கும்போது அதன் உணர்மயிரை எண்ணுகின்றனர். இரண்டும் ஒன்றே என்று யான் சொல்லவில்லை. தொல்காப்பியர் சொன்னது உயிர்களின் படிநிலை. இவர்கள் தேடுவது உயிர்களின் உறவுமுறை. ஆயினும், புலனை உற்று நோக்க வேண்டும் என்னும் எண்ணம் இருசாராருக்கும் பொதுவாயிற்று.

இனி நம் தீவுக்கு வருவோம். இந்திய அருங்காட்சியகத்துப் பொய்த்தேள்களை நோர்வே நாட்டு எல்லிங்சன் ஆராய்ந்து 1914-இல் வெளியிட்டார். 1962-இல் சுவீடன் நாட்டு லுண்ட் பல்கலைக்கழகத்தார் பிரிங்க் என்னும் அறிஞர் தலைமையில் இலங்கைக்கு வந்தனர். இலைச்சருகையும் மண்ணையும் சலித்துச் சிற்றுயிர்களைச் சேகரித்தனர். அவர்கள் கொண்டு சென்றவற்றுள் பொய்த்தேள்களை ஆராயும் பணி பையரிடமே சென்றது. 1973-இல் அவர் வெளியிட்ட நூலே இலங்கைப் பொய்த்தேள்களைப் பற்றிய அறிவுக்கு அடித்தளமாயிற்று. 1977-இல் சென்னையைச் சேர்ந்த மூர்த்தி, அனந்தகிருஷ்ணன் ஆகிய இருவரும் இந்தியப் பொய்த்தேள்களைப் பற்றித் தனிநூல் இயற்றினர். 2014-இல் இலங்கை ஆய்வாளர்களான பத்துவிட்ட, பெஞ்சமின் ஆகியோர் இத்தீவில் அறியப்பட்ட இனங்களையெல்லாம் நிரற்படுத்தி, குடும்பங்களைத் தேர்ந்தறியும் திறவுகோலையும் சேர்த்து அளித்தனர். வெளிநாட்டார் பெட்டியிற் போன அறிவு இவ்வாறு மெல்ல மெல்ல இந்நாட்டார் கைக்கு மீண்டது.

உலகளவில் இன்று 4,000-க்கு மேற்பட்ட பொய்த்தேள் இனங்கள் பெயரிடப்பட்டுள்ளன. தென்துருவக் கண்டம் ஒன்றொழிய எல்லாக் கண்டங்களிலும் இவை வாழ்கின்றன. 1992-இல் ஆஸ்திரேலிய அறிஞர் மார்க் ஹார்வி இவற்றை இரு பெரும்பிரிவாகப் பகுத்தார். கொடுக்கின் விரலிலே நஞ்சுச் சுரப்பி உடையவை ஒன்று, அஃதில்லாதவை மற்றொன்று. இந்நஞ்சு பேனையும் உண்ணியையும் மயக்கப் போதுமானது. மனிதர் தோலை அதன் கொடுக்குத் துளைக்கவும் மாட்டாது. இக்குலத்தின் பழமையும் பெரிது. அமெரிக்காவில் நியூயோர்க்கு மாநிலத்துக் கில்போவா என்னுமிடத்துக் கல்லில் அகப்பட்ட பொய்த்தேள் ஏறத்தாழ 38 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டது. அதுவும் இன்றைய பொய்த்தேளைப் பெரிதும் ஒத்திருக்கிறது.

இவ்வளவு அறிந்த பின்னரும் ஒரு வினா எஞ்சி நின்றது. பொய்த்தேளின் நெருங்கிய உறவினர் யாவர்? கொடுக்கு இருப்பதால் தேளின் உறவு என்று சொல்லிவிடலாமா? கூடாது என்றனர் அறிஞர். கொடுக்கு ஒத்திருத்தல் புறத்தோற்றம். தனித்தனியே தோன்றிய ஒற்றுமையாகவும் அது இருக்கலாம். வாயுறுப்பையும் மூச்சுக்குழாயையும் நோக்கியோர், பாலை நிலங்களில் ஓடித் திரியும் வேறொரு வகுப்போடு இதனைச் சேர்த்தனர். அதன் பின்னர் மரபணுவை ஆராயும் காலம் வந்தது. முதலிற் செய்த ஆய்வுகள் பல இதனை உண்ணிகளின் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தன. லின்னேயசு 1758-இல் வைத்த இடமும் அதுவேயன்றோ! ஆனால் மரபணு விரைந்து மாறும் குலங்கள், உறவில்லாதிருந்தும் கணக்கில் ஒன்றையொன்று நெருங்கி நிற்பதுண்டு. அப்பிழையைக் களைந்து, மேலும் பல இனங்களைச் சேர்த்து, அரிய மரபணு மாற்றங்களையும் நோக்கிய அமெரிக்க ஆய்வுக்குழுவினர் 2021-இல் தம் முடிபை வெளியிட்டனர். தேளிலும் சிலந்தியிலும் முற்காலத்தில் மரபணுத் தொகுதி இரட்டித்திருக்கிறது. அவ்விரட்டிப்பின் தடம் பொய்த்தேளிலும் காணப்பட்டது. உண்ணியிடம் அது இல்லை. ஆகவே, பொய்த்தேளின் மிக நெருங்கிய உறவு தேளே.

அரிஸ்டோட்டில் ஒரு நோக்கிலே சொன்னதை உறுதிசெய்ய இத்தனை நூற்றாண்டு சென்றது. அவ்வாறாயின் இடைப்பட்ட உழைப்பெல்லாம் வீணோ என்று கேட்கலாம். வீணன்று. அவர் சொன்னது உவமை. இன்று நாம் அறிவது உறவு. உவமையை உறவென்று துணிவதற்கு முன்னர் ஐயுற்று ஆராய்தலே அறிவியலின் முறை.

இவ்வகைப்பாட்டினால் வாழ்க்கைக்கு ஆவதென்ன என்று வினவுவோரும் உளர். யாழ்ப்பாணக் குடாநாட்டாருக்கு அதன் பயன் கண்கூடு. பெப்ரீசியசு பெயரிட்ட அச்செந்தேள் இன்று குடாநாட்டிலே வாழ்கிறது. அது கொட்டியதால் யாழ்ப்பாண வைத்தியசாலையை நாடிய எண்பதுக்கு மேற்பட்டோரைப் பற்றிய மருத்துவ ஆய்வு 2015-இல் வெளிவந்தது. அதன் நஞ்சு இதயத்தைத் தாக்க வல்லது. சிறுவருக்கு ஆபத்து மிகுதி. நம்மவர் பெரிய கருந்தேளைக் கண்டால் அலறுவர். சிறிய செந்தேளை அத்துணை பொருட்படுத்தார். உண்மையோ மறுதலையானது. கருந்தேளின் நஞ்சு பெரும்பாலும் கடுத்து அடங்கும். செந்தேள் கொட்டினால் தாமதியாமல் வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும். எள்ளளவான பொய்த்தேளோ ஒன்றும் செய்யாது. மூன்றுக்கும் கொடுக்கு உண்டு; மூன்றும் ஒன்றல்ல. அஞ்ச வேண்டியதற்கு அஞ்சவும், அஞ்ச வேண்டாததை விட்டுவிடவும் கற்பிப்பது இவ்வகைப்பாடே.

இவ்வறிவு நம் மக்களுக்கு நம் மொழியிலே கிட்ட வேண்டும். யாழ்ப்பாணத்தில் 1847 முதல் 1873 வரை, இடையிற் சில ஆண்டுகள் நீங்கலாக, பணியாற்றிய அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன் அதற்கு வழிகாட்டினார். உடற்கூறும் மருத்துவமும் தமிழிலே கற்பிக்க முடியும் என்று துணிந்து, நூல்களை மொழிபெயர்த்து, கலைச்சொற்களைத் திரட்டினார். ஒரு பொருளுக்கு நம் மொழியில் பெயரில்லாதவரை அது நம் கண்ணுக்குத் தெளிவாகத் தோன்றுவதில்லை. பொய்த்தேள் என்று சொல்லத் தெரிந்த சிறுவன் அதனைத் தேட்குஞ்சு என்று கொல்ல மாட்டான்.

1981-ஆம் ஆண்டு யூன் மாதத் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும், மீண்டும் பெறற்கரிய ஏட்டுச்சுவடிகளும் சாம்பராயின. செல்லுக்கும் பேனுக்கும் தப்பிய ஏடுகள் மனிதர் இட்ட தீக்குத் தப்பவில்லை. ஆதலால் வீடுகளிலே எஞ்சியிருக்கும் ஒவ்வொரு சுவடியும் இன்று அருமையுடையது. பொய்த்தேள் மட்டும் அவற்றைக் காத்துவிடும் என்று சொல்வது மிகையாகும். பெருவண்டின் புழுவை அதனால் வெல்ல முடியாது. சுவடியைத் துடைத்து, எண்ணெய் பூசி, ஈரம் படாது காப்பது நம் கடமை. எனினும், அக்காவலில் அது ஒரு சிறு துணை.

பனங்கங்கின் இடுக்கிலும், பூவரசம் பட்டையின் கீழும், வேலியோரத்துச் சருகிலும், சுண்ணக்கல்லின் வெடிப்பிலும் பொறுமையோடு தேடுங்கள். ஒரு வெள்ளைத்தாளின் மேல் சருகை மெல்ல உதறினால், விரித்த கொடுக்கோடு பின்னோக்கி நகரும் உயிரொன்று தென்படக் கூடும். உருப்பெருக்குங் கண்ணாடியாற் பாருங்கள், பிள்ளைகளுக்கும் காட்டுங்கள். பின்னர் அதனை எடுத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். அடுத்தமுறை பெட்டகத்தைத் திறக்கும்போது, ஏட்டின் மேல் அது ஊர்ந்து வருமாயின், ஓங்கிய கை சற்றே நிற்கட்டும்.